பின்னிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரில் கண்ணிகள் நழுவாமல் காப்பது எப்படி?

குரோஷா ஊசியால் மேசை விரிப்பு பின்னுபவர் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனால், அவர் கவலைப்பட வேண்டியது ஒரே ஒரு வளையத்தைப் பற்றித்தான். கொக்கியில் நிற்கும் அந்த ஒற்றை வளையத்தைச் சற்றுப் பெரிதாக இழுத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வேலை விட்ட இடத்திலேயே இருக்கும். இரண்டு ஊசிகளைக் கொண்டு ஸ்வெட்டர் பின்னுபவரின் நிலை வேறு. ஒரு வயதுக் குழந்தைக்கான சிறிய ஸ்வெட்டரிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட வளையங்கள் ஒரே நேரத்தில் ஊசியின் மேல் திறந்தபடி நிற்கும். பெரியவர்களுக்கான ஸ்வெட்டரில் அந்த எண்ணிக்கை இருநூறுக்குப் பக்கத்தில் போய்விடும். அவற்றில் ஒன்று நழுவினாலும் அது தான் இருந்த வரிசையோடு நின்றுவிடாது. புதிதாகப் பின்னக் கற்பவர்கள் பயப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். அது ஏன் நிகழ்கிறது என்பது புரிந்துவிட்டால், தடுப்பதற்கான வழிகளும் தனித்தனி தந்திரங்களாகத் தோன்றாமல் ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவையாகத் தெரியும்.

நிட்டிங் எனப்படும் இந்தப் பின்னல், நெசவைப் போல இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அமைப்பு அல்ல. இதில் ஓடுவது ஒரே நூல். ஒரு வரிசையில் உள்ள ஒவ்வொரு வளையமும், அதற்கு நேர் கீழே இருக்கும் வளையத்துக்குள் புகுந்து வெளியே இழுக்கப்பட்டதாகும். இந்த வளையத்தைக் கண்ணி என்று சொல்வோம். கீழே உள்ள கண்ணி பிரிந்துபோகாமல் தாங்குவது அதன் மேலுள்ள கண்ணி. அதைத் தாங்குவது அதற்கும் மேலுள்ளது. கடைசியாகப் பின்னிய வரிசைக்கு மேலே வேறு வரிசை இல்லை என்பதால், அந்தக் கண்ணிகளைத் தாங்கும் வேலையை ஊசி செய்கிறது. ஊசியை உருவிவிட்டால் அவை ஆதாரமற்று நிற்கும். அப்போது துணியைப் பக்கவாட்டில் இழுத்தால், ஆதாரமற்ற கண்ணி விரிந்து நேர்கோடாகிவிடும். அது தாங்கிக்கொண்டிருந்த கீழ்க் கண்ணி இப்போது திறந்துகொள்ளும். பிறகு அதற்குக் கீழுள்ளது. இவ்வாறு ஒரே நெடுவரிசை மேலிருந்து கீழாகப் பிரிந்துகொண்டே போக, ஒவ்வொரு வரிசையிலும் அவிழ்ந்த நூல் ஒரு குறுக்குக் கோடாக மிஞ்சும். பார்ப்பதற்கு ஏணி போலவே இருப்பதால் அதை ஏணி என்றே அழைக்கிறார்கள். திருப்பூரில் இயந்திரம் பின்னும் பனியன் துணியும் இதே கண்ணி அமைப்புதான். பழைய பனியனில் விழுந்த சின்னஞ்சிறு ஓட்டை நீளவாக்கில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏணி புதிதாக இருக்காது.

எல்லா நூலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆட்டுக் கம்பளியின் இழைகளில் நுண்ணிய செதில்கள் இருப்பதால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நழுவிய கண்ணி தொட்டு இழுக்காதவரை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். இயந்திரத்தில் துவைக்கத் தோதாகப் பதப்படுத்தப்பட்ட கம்பளியில் அந்தச் செதில்களின் பிடிப்பு குறைக்கப்பட்டிருக்கும் என்பதால் அது வழுக்கும். பட்டு, மூங்கில் இழை, மெர்சரைஸ் செய்த (பளபளப்பாகும்படி பதப்படுத்திய) பருத்தி ஆகியவை இன்னும் வழுக்கும். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் கம்பளிக்கும் பட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மெருகேற்றிய அக்ரிலிக் என்றால் பட்டின் பக்கம் சாய்ந்துவிடும். ஊசியும் கணக்கில் சேரும். உலோக ஊசியில் கண்ணிகள் விரைந்து நகரும், மூங்கில் அல்லது மர ஊசியில் சற்றே ஒட்டி நகரும். முதல் ஸ்வெட்டரைத் தொடங்குபவர் வழுக்கும் நூலையும் உலோக ஊசியையும் சேர்த்து வாங்குவது வேண்டாத சோதனை என்பதே என் எண்ணம். வேகம் பழகப் பழகத் தானாக வரும்.

ஆக, திறந்து நிற்கும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் எந்த நேரத்திலும் ஏதாவது ஒன்று நுழைந்திருக்க வேண்டும் என்பதே இதில் இருக்கும் ஒரே விதி. அது ஊசியாக இருக்கலாம், ஊக்காக இருக்கலாம், ஒரு துண்டு நூலாகவும் இருக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தக் கண்ணிகள் எவ்வளவு காலம் காத்திருக்கப் போகின்றன என்பதையும், காத்திருக்கும் காலத்தில் துணி மடங்கவோ விரியவோ வேண்டுமா என்பதையும் பொறுத்தது.

வேலையை எடுத்து வைக்கும்போது

சில நிமிடங்களோ ஓர் இரவோ மட்டும் நிறுத்தி வைக்க ஊசியே போதும், அதன் முனைகளை அடைத்துவிட்டால். ரப்பரால் செய்த சிறிய முனை மூடிகள் விற்கப்படுகின்றன. அவை இல்லாதபோது பாட்டில் தக்கையில் குத்தி வைக்கலாம், அல்லது ஒரு ரப்பர் பேண்டை முனையில் நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றலாம். நேர் ஊசியாக இருந்தால் கண்ணிகளைக் குமிழ் உள்ள பின்முனைப் பக்கம் தள்ளிவிட்டு, கூர்முனையில் மூடியை மாட்ட வேண்டும். இரு முனைகளும் நடுவில் வளையும் கேபிளும் கொண்ட சர்க்குலர் ஊசியாக இருந்தால் எல்லாக் கண்ணிகளையும் கேபிளின் நடுவுக்குத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் போதும். கேபிள் முனைகளைவிட மெல்லியது என்பதால் கண்ணிகள் தாமாக முனையின் தடிமனில் ஏறி வெளியே வருவது அரிது. சிறு குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் மட்டும் இதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

காலுறை, கையுறை, ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பகுதி போன்ற குறுகிய குழாய்களைப் பின்னப் பயன்படும் இருமுனை ஊசிகள்தாம் அதிகத் தொல்லை தருபவை. நான்கோ ஐந்தோ ஊசிகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து கண்ணிகள், இரு முனைகளும் திறந்தவை. பையில் போடும்போது ஒன்று உருவிக்கொண்டு போனால் ஒரே நேரத்தில் அத்தனை கண்ணிகளும் திறந்துகொள்ளும். ஊசிகளை ஒன்றாகச் சேர்த்து, இரு பக்கமும் முடியைக் கட்டும் ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவது எளிய தீர்வு.

இடைவேளை எடுப்பது வரிசையின் முடிவில் இருக்கட்டும். வரிசையின் நடுவில் நிறுத்தினால் பாதிக் கண்ணிகள் ஒரு முனைக்கு அருகிலும் மீதி மற்றொரு முனைக்கு அருகிலும் நிற்கும். இரண்டும் ஆபத்தான இடங்கள். போதாக்குறைக்கு, மறுநாள் கையில் எடுக்கும்போது எந்தப் பக்கம் பின்னிக்கொண்டிருந்தோம் என்ற குழப்பமும் வரும். நடுவில் நிறுத்தியே ஆக வேண்டிய நேரங்களில் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்: நூல் உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் இருக்கும் கண்ணியிலிருந்து தொங்குகிறதோ, அந்த ஊசி வலது கைக்கு உரியது.

வாரக்கணக்கில் காத்திருக்கும் கண்ணிகள்

ஸ்வெட்டர் என்பது ஒரே மூச்சில் பின்னி முடிக்கும் துண்டு அல்ல என்பதால், கண்ணிகளின் ஒரு பகுதியை ஊசியிலிருந்தே இறக்கி ஓரமாக வைத்துவிட்டு மற்ற பகுதியைத் தொடர வேண்டிய கட்டம் கட்டாயம் வரும். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லன் (கைகள் கழுத்துவரை சாய்கோட்டில் இணையும்) ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு வயதுக் குழந்தைக்காக, 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் வரும் நூலில், 4 மி.மீ. சர்க்குலர் ஊசியால் பின்னுவதாக வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் தொடங்கி நான்கு சாய்கோடுகளின் ஓரமாகக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே வந்து, அக்குளை அடையும்போது ஊசியில் 160 கண்ணிகள் இருக்கின்றன: முதுகுக்கு 48, முன்பக்கத்துக்கு 48, கைகளுக்கு 32 வீதம் 64. இனி உடல் தனியாகவும் கைகள் தனியாகவும் குழாய்களாகப் பிரிய வேண்டும். முதுகின் 48 கண்ணிகளைப் பின்னிவிட்டு, ஒரு கையின் 32 கண்ணிகளை அப்படியே இறக்கி வைத்து, அந்த இடைவெளியில் அக்குளுக்காக 6 புதிய கண்ணிகளை ஏற்றி, முன்பக்கத்தைப் பின்னி, மறுகைக்கும் அவ்வாறே செய்தால், ஊசியில் 108 கண்ணிகள் எஞ்சும். சுற்றளவு சுமார் 49 செ.மீ. உடல் முழுவதும் பின்னி அடைத்து முடியும் வரை, அந்த இரண்டு 32 கண்ணிகளும் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடையில் இதற்கென்றே விற்கப்படும் ஸ்டிச் ஹோல்டர் பெரிய ஊக்கின் வடிவில் இருக்கும், ஆனால் முனை மழுங்கியிருக்கும். கழுத்தின் நடுவில் நிறுத்தி வைக்கும் பத்துப் பன்னிரண்டு கண்ணிகளுக்கு அது போதுமானது. கைகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அது வளையாது, இறுகிய கம்பியாகத் துருத்திக்கொண்டு, பின்னும் ஒவ்வொரு சுற்றிலும் கையில் இடிக்கும், அதன் எடை பக்கத்துக் கண்ணிகளை இழுத்து நீட்டும், பெரும்பாலானவை ஒரு முனையில் மட்டுமே திறக்கும் என்பதால், கண்ணிகள் வெளிவரும் திசையும் நாம் பின்ன வேண்டிய திசையும் எதிரெதிராக அமைந்துவிடவும் கூடும். சாதாரண ஊக்கில் வேறொரு தொல்லை உண்டு. அதன் அடிச்சுருளில் நூல் சிக்கிக்கொள்ளும், கூர்முனை நூலின் புரிகளைப் பிளக்கும். சுருள் இல்லாத பல்பு வடிவ ஊக்கு கிடைத்தால் ஒன்றிரண்டு கண்ணிகளுக்கு அது மிக நல்லது.

மலிவானதும் சிறந்ததும் ஒரு துண்டு மிச்ச நூல். அதைத் தேர்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பின்னும் நூலைவிடச் சற்று மெல்லியதாகவும், வழவழப்பாகவும், பளிச்சென்று வேறு நிறத்திலும் இருக்க வேண்டும். பருத்தி நூல் பொருத்தமானது. மொஹேர் போன்ற பஞ்சு பறக்கும் நூல் வேண்டாம். அதன் பஞ்சு கண்ணிகளில் ஒட்டி நின்றுவிடும். வெள்ளை ஸ்வெட்டருக்குச் சாயம் போகும் சிவப்பு நூலை எடுத்துவிட்டு, நடுவில் ஒருமுறை நனைக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீளம் தாராளமாக இருக்கட்டும். 32 கண்ணிகளின் அகலம் இந்த எடுத்துக்காட்டில் சுமார் 15 செ.மீ. என்றால், நூல் 40 முதல் 50 செ.மீ. வரை இருக்கலாம். அப்போதுதான் கைப்பகுதியை முழுதாக விரித்துப் போட்டு அளவு பார்க்க முடியும். குழந்தை அதற்கு ஒத்துழைக்குமா என்பது தனிக் கதை.

கண்ணிகளை மாற்றும் முறையும் முக்கியம். மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசியில் மிச்ச நூலைக் கோத்து, இடது ஊசியில் இருக்கும் முதல் கண்ணிக்குள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, பர்ல் எனப்படும் மறுபக்கக் கண்ணியைப் பின்னுவதற்கு ஊசியை நுழைப்பதுபோல, நேராகச் செலுத்தி அந்தக் கண்ணியை இறக்க வேண்டும். இப்படிச் செய்தால் கண்ணி திரும்பாமல், முறுக்கேறாமல் நூலுக்குப் போகும். புரியைப் பிளந்துகொண்டு போகாமல் வளையத்தின் நடுவே செல்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்ப்பது நல்லது. பிளந்து சென்றால், பிறகு மிச்ச நூலை உருவும்போது அது வெளியே வராது. எல்லாம் இறங்கியதும் நூலின் இரு நுனிகளையும் சேர்த்து, எளிதில் அவிழும் பூ முடிச்சாகக் கட்டிவிட வேண்டும். முடிச்சில்லாமல் விட்டால், உடலைப் பின்னும்போது சுழலும் துணி நூலைச் சிறிது சிறிதாக ஒரு பக்கமாக இழுத்து, மறுபக்கத்துக் கண்ணிகளை விடுவித்துவிடும்.

உடல் முடிந்து கைக்குத் திரும்பும்போது, காத்திருந்த கண்ணிகள் சற்றுச் சுருங்கித் தெரியும். 4 மி.மீ. ஊசியால் அவற்றை நேரடியாக எடுக்கப் போராடுவதைவிட, 3 மி.மீ. போன்ற மெல்லிய ஊசியால் முதலில் எடுத்துக்கொண்டு, பின்னும்போது 4 மி.மீ. ஊசிக்கு மாறுவது எளிது. எடுத்து முடித்து, 32 என்று எண்ணிச் சரிபார்த்த பிறகே மிச்ச நூலை உருவ வேண்டும். பாதி எடுத்ததும் நூலை இழுத்துவிடும் அவசரத்தில்தான் கண்ணிகள் அதிகம் தவறுகின்றன. பிறகு அக்குளில் ஏற்றிய 6 கண்ணிகளின் ஓரத்திலிருந்து 6 கண்ணிகளை எடுத்துச் சேர்த்தால் மொத்தம் 38. அக்குளின் இரு மூலைகளிலும் சிறு ஓட்டை விழுவது வழக்கம். அதை மறைக்க மூலைக்கு ஒன்றாக இரண்டு கண்ணிகளைக் கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிக் குறைத்துவிடலாம்.

முனைகளைக் கழற்றி மாட்டும் வகைச் சர்க்குலர் ஊசி வைத்திருப்பவர்கள், முனைகளைக் கழற்றிவிட்டுக் கேபிளின் இரு நுனியிலும் மூடிகளைத் திருகி, கேபிளையே தாங்கியாக விட்டுவிடலாம். மிக வசதியான வழி. ஆனால் இரண்டு கைகளுக்கும் உடலுக்குமாக மூன்று கேபிள்கள் வேண்டியிருக்கும். மெல்லிய சிலிக்கான் குழாயை ஊசி முனையில் செருகி, கண்ணிகளை அதன்மீது வழுக்கி இறக்கும் முறையும் உண்டு. தையல் ஊசியும் வேண்டாம், ஒவ்வொன்றாகக் கோக்கவும் வேண்டாம்.

இதே வேலை வேறு வரிசையிலும் வரும். ஐஸ்லாந்தின் புகழ்பெற்ற லோபபெய்சா ஸ்வெட்டரில் உடலும் இரு கைகளும் கீழிருந்து தனித்தனிக் குழாய்களாக அக்குள் வரை பின்னப்படுகின்றன. மூன்றையும் ஒரே சர்க்குலர் ஊசியில் சேர்த்துத் தோள்பகுதியைப் பின்னுவதற்கு முன், அக்குளில் வரும் சில கண்ணிகளை உடலிலும் கையிலும் மிச்ச நூலில் இறக்கி வைத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பின் எதிரெதிரே நிற்கும் அந்த இரு வரிசைக் கண்ணிகளைத் தையல் ஊசியால் ஒரு புதிய வரிசை பின்னியது போலவே இணைத்துவிடலாம்; தையல் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை கண்ணிகளை இறக்குவது என்பதற்கு, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) வகுத்த கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது: உடலின் மொத்தக் கண்ணிகளில் 8 சதவீதம். உடலில் 200 என்றால் ஒவ்வோர் அக்குளிலும் 16. கையுறையின் கட்டைவிரலுக்கு அவர் பரப்பிய வழி இன்னும் சாமர்த்தியமானது. விரல் வர வேண்டிய இடத்துக் கண்ணிகளை மிச்ச நூலாலேயே பின்னி, அவற்றை மறுபடி இடது ஊசிக்கு ஏற்றி, அசல் நூலால் மீண்டும் பின்னிக்கொண்டு போய்விட வேண்டும். இங்கே எந்தக் கண்ணியும் திறந்து நிற்பதில்லை. கையுறை முடிந்ததும் அந்த மிச்ச நூலை உருவினால் மேலும் கீழுமாக இரு வரிசைத் திறந்த கண்ணிகள் கிடைக்கும். அவற்றை ஊசியில் எடுத்து விரலைப் பின்னலாம்.

காப்பு நூல்

இதுவரை சொன்னவை ஊசியில் இல்லாத கண்ணிகளுக்கு. ஊசியில் இருக்கும் கண்ணிகளுக்கும் கூடுதலாக ஒரு காப்பு வைக்கலாம். லைஃப்லைன் என்று பின்னுபவர்கள் சொல்வது இதைத்தான்: ஊசியின் மேல் நிற்கும் ஒரு முழு வரிசைக் கண்ணிகளின் ஊடாகவும், ஊசிக்குக் கீழே ஒட்டினாற்போல, ஒரு மெல்லிய நூலைக் கோத்துவிட்டு, அதை அங்கேயே விட்டுப் பின்னலைத் தொடர்வது. பின்னால் எங்கேனும் தவறு நேர்ந்தால் ஊசியை உருவிவிட்டு, துணிந்து பிரிக்கலாம். பிரிதல் அந்தக் காப்பு நூல் இருக்கும் வரிசையில் வந்து நின்றுவிடும். அந்த வரிசையின் கண்ணிகள் அனைத்தும் நூலில் வரிசையாக நிற்கும். ஊசியை மறுபடி நுழைத்துக்கொண்டால் போதும்.

வெற்றுப் பின்னலில் இது இல்லாமலும் சமாளிக்கலாம். துளைகள் நிறைந்த லேஸ் பின்னலில் இது கிட்டத்தட்டக் கட்டாயம். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலும் ரஷ்யாவின் ஓரன்பர்க்கிலும் பின்னப்படும் மெல்லிய சால்வைகளைப் படத்தில் பார்த்தால் காரணம் விளங்கும். அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் ஊசியின் மேல் நூலைச் சும்மா ஒருமுறை சுற்றுவதால் உண்டாவது; கூடிய கண்ணியை ஈடுகட்ட அருகில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார்கள். அத்தகைய இடத்தில் ஒரு கண்ணி நழுவினால் கீழே இரண்டு நெடுவரிசைகள் திறக்கும். சும்மா சுற்றிய நூலுக்கோ கீழே கண்ணியே இருக்காது. அவிழ்ந்த பின் மிஞ்சும் ஏணியில் எந்தக் குறுக்கு நூல் எதற்கு உரியது என்று அனுபவசாலிகளுக்கே தடுமாற்றமாக இருக்கும்.

காப்பு நூலைத் துளைகள் இல்லாத வெற்று வரிசையில் வைக்க வேண்டும். லேஸ் கோலங்கள் பலவற்றில் இரண்டு வரிசைக்கு ஒன்று அப்படி வெறும் வரிசையாகவே இருக்கும். கோக்கும்போது ஊசியில் தொங்கும் வளைய மார்க்கர்களுக்குள் நூல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போய்விட்டால் அந்த மார்க்கர் அந்த வரிசையிலேயே கட்டுண்டு நின்றுவிடும். இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். மார்க்கர் என்பது இடத்தைச் சுட்டும் அடையாளம், அவ்வளவுதான். அது எந்தக் கண்ணியையும் தாங்காது. திறந்து மூடும் வகை மார்க்கரை மட்டும், நழுவிய ஒரு கண்ணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கப் பயன்படுத்தலாம்.

பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகிட்ட இழையைப் பலர் காப்பு நூலாகப் பயன்படுத்துகிறார்கள்; மெல்லியது, வழுக்கும், அறாது. நூலின் நுனிகளை இரு பக்கமும் ஒரு சாண் அளவுக்காவது வெளியே விட வேண்டும். துணி விரியும்போது குறைந்த நீளமுள்ள நூல் உள்ளே இழுபட்டு, ஓரத்துக் கண்ணிகள் காப்பின்றிப் போகும். எந்த வரிசையில் வைத்தோம் என்பதையும் குறித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்து முடித்த பிறகு கோலத்தின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாது. கழற்றி மாட்டும் ஊசிகள் பலவற்றில் முனையும் கேபிளும் சேரும் இடத்துக்கு அருகே ஒரு நுண்துளை இருக்கும். இறுக்கும் சாவியை நுழைப்பதற்கான துளை அது. அதில் காப்பு நூலைக் கட்டிவிட்டு ஒரு வரிசையைப் பின்னினால், கண்ணிகள் கேபிளுக்கு நகரும்போது நூல் தானே அவற்றின் ஊடாக இழுபட்டுச் சென்றுவிடும்.

நழுவிவிட்டால்

துணியை அசைக்காமல் கீழே வைப்பது முதல் வேலை. பதறித் தூக்கினால், துணியின் எடையே ஏணியை மேலும் நீட்டும். அடுத்து, நழுவிய கண்ணிக்குள் கைக்குக் கிடைத்த எதையாவது நுழைத்துவிட வேண்டும்: ஊக்கு, கொண்டை ஊசி, பேனா ரீஃபில் கூட. ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு அவசரம் ஏதுமில்லை.

ஏறுவதற்குக் குரோஷா ஊசி வேண்டும். பின்னும் ஊசியைவிட ஓர் அளவு சிறியதாக இருந்தால் நல்லது. துணியின் முன்பக்கத்தைப் பாருங்கள். வெற்றுப் பின்னலில் கண்ணிகள் சிறு சிறு அம்புத் தலைகளாக ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். நழுவிய கண்ணியின் முன்னிருந்து பின்னாகக் கொக்கியை நுழைத்தால், அதற்குப் பின்னால் குறுக்கே ஓடும் ஏணிப்படிகள் தெரியும். அவற்றுள் ஆகக் கீழே இருக்கும் படியைக் கொக்கியில் மாட்டி, கண்ணிக்குள் இழுத்து முன்னே கொண்டுவந்தால் ஒரு வரிசை பின்னப்பட்டுவிடும். கொக்கியில் இப்போது இருப்பது புதிய கண்ணி. அடுத்த படி, பிறகு அதற்கு அடுத்தது. ஒரு படியைத் தாண்டி மேலே உள்ளதை மாட்டிவிட்டால், விடுபட்டது துணியின் பின்புறம் தளர்ந்த கோடாகக் கிடக்கும். கடைசியில் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பர்ல் கண்ணியாக ஏற வேண்டியிருந்தால் துணியைத் திருப்பிப் போட்டு இதையே செய்யலாம், ஏனெனில் பர்ல் என்பது நிட் எனப்படும் நேர்ப்பக்கக் கண்ணியின் மறுபக்கம்தான். ஒவ்வொரு வரிசையும் நிட், பர்ல் என மாறி மாறித் தெரியும் கார்ட்டர் பின்னலில் படிக்கு ஒருமுறை திருப்ப நேரும். பொறுமை வேண்டும்.

மேலே வந்ததும் கண்ணியை இடது ஊசியில் ஏற்றும் திசையைக் கவனிக்க வேண்டும். ஊசியின் மேல் ஒரு கண்ணி, முன்னே ஒரு காலும் பின்னே ஒரு காலுமாக அமர்ந்திருக்கும். பரவலாகப் பின்னும் முறையில் வலது கால் ஊசிக்கு முன்னே இருக்க வேண்டும். இடது கால் முன்னே வந்துவிட்டால் பின்னும்போது கண்ணி முறுக்கிக்கொண்டு, அந்த இடம் மட்டும் இறுகித் தெரியும். திருப்பி மாட்டலாம், அல்லது அதன் பின்காலில் ஊசியை நுழைத்துப் பின்னினால் அதுவே நேராகிவிடும்.

ஏணி பத்து வரிசைக்கு மேல் போயிருந்தாலும் இந்த முறை வேலை செய்யும். ஆனால் நழுவியதைக் கவனிக்காமலே மேலும் பல வரிசைகள் பின்னியிருந்தால், மேலே உள்ள வரிசைகளில் அந்தக் கண்ணிக்கான நூல் ஒதுக்கப்பட்டிருக்காது. பக்கத்துக் கண்ணிகள் நெருங்கிப் படிகள் மிகக் குட்டையாக இருக்கும். இழுத்து ஏற்றினால் அந்த நெடுவரிசை சுருங்கும். அப்போது அந்த வரிசைவரை பிரித்துப் பின்னுவதே சரி. காப்பு நூல் இல்லையே என்று தயங்க வேண்டாம். வெற்றுப் பின்னலில், பிரித்து நிறுத்த வேண்டிய வரிசையைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு கண்ணியின் வலது காலிலும் ஒரு மெல்லிய ஊசியை வரிசையாகக் கோத்துக்கொண்டு, பிறகு மேலே உள்ளதைப் பிரித்தால் பின்னல் அந்த ஊசியில் வந்து நிற்கும். வரிசை மாறி மேலே கீழே போய்விடாமல் கோப்பதற்கு நல்ல வெளிச்சம் தேவை.

வெட்டினாலும் பிரியாத இடம்

கண்ணி ஓடுவது நெடுவாக்கில் என்பதால், அதையே சாதகமாக்கிக்கொண்ட ஊர்களும் உண்டு. ஷெட்லாந்திலும் நார்வேயிலும் வண்ணக் கோல ஸ்வெட்டர்களைக் கழுத்தும் கைத்துளையும் இல்லாத முழுக் குழாயாகப் பின்னி, கைத்துளை வர வேண்டிய இடத்தில் சில கண்ணிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, முடிவில் அந்த இடத்தைக் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி அது. ஆனால் வெட்டுப்பட்டவை குறுக்கே ஓடும் சிறு நூல் நுனிகள். அவை பக்கத்துக் கண்ணிகளுக்குள் புதைந்திருக்கும், பக்கவாட்டில் எளிதில் பிரியாது. ஷெட்லாந்து கம்பளி தன் செதில்களாலேயே ஒட்டிக்கொள்கிறது. நார்வேயில் வெட்டுக்கு இரு பக்கமும் தையல் இயந்திரத்தால் முன்கூட்டியே தைத்துக்கொள்வது வழக்கம். பருத்தியிலோ அக்ரிலிக்கிலோ இதை முயல்பவர் தைக்காமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது.

திறந்த கண்ணிகளை நிரந்தரமாக மூடுவது கண்ணி அடைத்தல். இரண்டு கண்ணிகளைப் பின்னி, முதலில் பின்னியதை இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தாண்ட வைத்து ஊசியிலிருந்து விடுகிறோம். விடுபட்ட கண்ணிக்குள் இப்போது பக்கத்துக் கண்ணி நுழைந்து நிற்பதால் அது ஓட முடியாது. மேலிருந்து கிடைத்து வந்த ஆதாரம் இங்கே பக்கவாட்டிலிருந்து கிடைக்கிறது. இப்படியே வரிசை முழுவதும் ஒன்றை ஒன்று பூட்டிக்கொண்டு போக, ஊசியில் 108 இருந்த இடத்தில் ஒன்று மட்டும் மிஞ்சும். அதற்குப் பக்கத்தில் யாருமில்லை. எனவே நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, அந்த நுனியை அந்தக் கடைசிக் கண்ணிக்குள் முழுவதுமாக இழுத்து இறுக்கிவிட வேண்டும். பிறகு நுனியைத் தையல் ஊசியில் கோத்து, துணியின் உள்பக்கமாக ஏழெட்டுக் கண்ணிகளின் ஊடே ஒரு திசையிலும், திரும்பி எதிர்த்திசையில் சிலவற்றின் ஊடேயும் ஓட்டி, ஒருமுறை துணியை நன்றாக இழுத்துப் பார்த்த பின்பே மிச்சத்தை வெட்ட வேண்டும்.